தீ சுட்டுவைத்த பட்டியல்

எரிக் கிளைனின் ‘கி.மு. 1177’ நூலை மாணவிகளோடு சேர்ந்து வாசித்தேன். வெண்கலக் காலத்தின் முடிவில் கிரேக்கத்திலும் அனத்தோலியாவிலும் அரண்மனைகள் சரிந்ததற்குக் கிளைன் ஒற்றைக் காரணம் சொல்வதில்லை. வறட்சி, பஞ்சம், நிலநடுக்கம், படையெடுப்பு, அறுந்துபோன வணிகம் எல்லாம் சேர்ந்தே அழித்தன என்கிறார். ஏற்கத்தக்க வாதம்தான். ஆனால் ‘வீழ்ச்சி’ என்ற சொல்லை நாம் யார் வீட்டு வாசலில் நின்று சொல்கிறோம் என்ற கேள்வி என்னை விடவில்லை.

தென்மேற்குக் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனை கி.மு. 1200ஐ ஒட்டி எரிந்தது. அதன் கணக்கர்கள் ஈரக் களிமண்ணில் கீறி வெறுமனே உலரவைத்த பட்டியல்களை, அரண்மனையை அழித்த அதே தீ சுட்டுக் காப்பாற்றியது. அந்த லீனியர் பி எழுத்தை 1952இல் வாசித்தவர் வென்ட்ரிஸ். சொல்லிறுதி மாற்றங்களைக் கண்டறிந்து வழி திறந்த ஆலிஸ் கோபர் 1950இலேயே இறந்துபோனார். (அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?)

பட்டியலில் 700க்கும் மேற்பட்ட பெண்கள், கூடவே பிள்ளைகள். நூற்பவர்கள், மாவரைப்பவர்கள், குளிக்க நீர் ஊற்றுபவர்கள். மிலேட்டஸ் பெண்கள், லெம்னோஸ் பெண்கள் என்று கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களின் பெயரால் சில குழுக்கள். ‘சிறைபிடிக்கப்பட்டவர்கள்’ என்றே ஒரு குழு. படியாகக் கோதுமையும் அத்திப்பழமும், பிள்ளைக்குப் பாதி. இந்தக் குழுக்களில் ஒருத்திக்கும் தனிப்பெயர் இல்லை. இதே எழுத்தில், கிரீட் தீவின் நோசஸ் பலகைகளில், உழவு மாடுகளுக்குப் பெயர் உண்டு.

“அப்ப, அரண்மனை எரிஞ்சது இவங்களுக்கு விடுதலைதானே மேடம்?” என்றாள் ஒரு மாணவி.

ஆம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அரண்மனை போனபின் படி அளப்பது யார்? பிறந்த ஊர் கடலுக்கு அப்பால். கையில் வயல் இல்லை, விதை இல்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து அளந்து கொடுத்த அமைப்பு முறிந்தபோது, தமக்கென எதையும் வைத்துக்கொள்ள விடப்படாதவர்கள்தான் முதலில் பட்டினியின் முன் நின்றிருப்பார்கள். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. நானும்தான்.

அதன்பின் கிரேக்கத்தில் ஏறத்தாழ 400 ஆண்டுகள் எழுத்து இல்லை. அறிஞர்கள் அதை ‘இருண்ட காலம்’ என்றார்கள். நூற்பும் நெசவும் நிற்கவில்லை. நெய்தது அரண்மனைக்கல்ல என்பது மட்டும் உறுதி. யாருக்கு என்று கீறிவைக்கக் கணக்கர் இல்லை.