இடப்பக்கத்துக் கால்கள்

ஆரணிக் கடைகளில் விவரம் தெரிந்தவர்கள் பட்டுச்சேலை வாங்கினால் முந்தானையைப் பார்த்து மயங்குவதில்லை. சேலையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் சரிகை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இருபது வயதுகூட நிரம்பாத ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் ஒருவரை ஏலத்துக்கு முன் எடைபோடவும் அந்தக் கண்தான் வேண்டும். ஏலத்தில் விலை ஏறுவதோ பெரும்பாலும் முந்தானைக்கு. 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் உச்ச விலையான 78 லட்சம் ரூபாய் ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்தது. அவரும் தடுப்பாட்டக்காரர்தான். ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் போட்டவர் அவர். பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி வீசும் அவருடைய டிராக் ஃபிளிக்குக்கு விழுந்த விலை அது. அதைக் குறை சொல்லவில்லை. கோல் பட்டியலில் ஏறாத வேலையில் ரசிக்க எவ்வளவோ இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆரணியில் பிறந்த வாசுதேவன் பாஸ்கரனையே எடுத்துக்கொள்வோம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றார்கள். சுரிந்தர் சிங் சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று, முகமது ஷாகித் ஒன்று. எதிர்ப்பக்கம் ஹுவான் அமட் ஒருவரே மூன்று போட்டு நெஞ்சைப் பிடிக்க வைத்தார். கேப்டன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் லெஃப்ட் ஹாஃப், இடப்பக்கத்தைக் காப்பவர்.

அந்த இடத்தின் சங்கடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. உருண்ட பக்கத்தால் பந்தை ஆடினால் தவறு. இடக்கைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. அதனால் எல்லோருக்குமே பந்து வலப்பக்கம் இருந்தால்தான் வசதி. எதிரணியின் ரைட் விங்கர் பக்கக்கோட்டை ஒட்டி உருட்டி வரும்போது பந்து அவருக்கு வலப்பக்கத்தில் சொகுசாக இருக்கும். எதிரே நிற்கும் லெஃப்ட் ஹாஃபுக்கு அதே பந்து இடப்பக்கத்தில், மட்டையைப் புரட்டினால்தான் எட்டும் தூரத்தில் இருக்கும். ஒற்றைக் கையால் மட்டையை நீட்டிப் பார்க்கலாம். கெட்டிக்கார விங்கர் அதற்காகவே காத்திருப்பார். ஆகவே நல்ல லெஃப்ட் ஹாஃப் கைகளைக் கட்டுப்படுத்திக்கொண்டு கால்களை ஏவுவார். சிறுசிறு எட்டுகளாக இடப்பக்கம் நகர்ந்து, பந்தைத் தன் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்வார். ஒரேயடியாக நகர்ந்துவிட்டால் உள்வழி திறந்துவிடும். நகராவிட்டால் கோட்டோரம் திறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த அரையடியில்தான் ஆள் யாரென்று தெரியும்.

எனவே ஏலத்துக்கு முன் இளம் தடுப்பாட்டக்காரன் ஒருவனைப் பார்க்கப் போகிறவர்கள் பந்தைப் பார்க்காமல் சற்று நேரம் அவன் பாதத்தைப் பார்க்கலாம். குதிகாலில் நிற்கிறானா, முன்பாதத்தில் நிற்கிறானா? சடாரென்று மட்டையைக் குத்தி இழுக்கும்போது பந்தைப் பறிக்க நினைக்கிறானா, இல்லை எதிராளியின் தலையைக் கவிழ வைக்க நினைக்கிறானா? இரண்டாவது ரகம் அபூர்வம். அந்தக் குத்து பந்தில் படவே வேண்டாம். விங்கர் ஒரு கணம் கீழே பார்த்தால் போதும், பாஸ் கொடுக்க வேண்டிய நேரம் கடந்துவிடும். மைதானத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

துணிச்சல் என்பது வேறு கணக்கு. பெனால்டி கார்னரில் கோல்கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவர், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடிய பந்தை நோக்கி ஓடுகிறார். முகமூடியும் முழங்கால் காப்பும் உண்டு. மற்றபடி கடவுள் விட்ட வழி. இந்திய அணியில் அந்த வேலைக்குப் பேர்போனவர் அமித் ரோஹிதாஸ். அவரைத் தமிழ்நாடு டிராகன்ஸ் 48 லட்சத்துக்கு எடுத்தது சாமர்த்தியம் என்பேன். பாரிஸ் காலிறுதியில் 17ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர் பிரிட்டனை 1-1 என்று பிடித்து நிறுத்தி, ஷூட் அவுட்டில் வென்றார்கள். ஒரு ஆள் குறைந்தால் மற்றவர்கள் எங்கே நகர்ந்து நிற்கிறார்கள் என்பதைப் பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை. அந்த அட்டையால் ரோஹிதாஸ் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம்.

2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டமும் கண்ணுக்கு விருந்துதான். இந்தியப் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிக் கடைசிக் கட்டத்தில் நான்கு கோல் போட்டு வென்றார்கள். கடைசி இரண்டையும் போட்ட சாரதானந்த் திவாரியும் அன்மோல் எக்காவும் தடுப்பாட்டக்காரர்கள். மறுநாள் செய்தித்தாளில் அவர்கள் பெயர் வந்ததும் கோலுக்காகத்தான்.

நான் தேடுவது வேறொன்று. எந்தத் தடுப்பாட்டக்காரரும் ஏமாறத்தான் செய்வார். ஏமாந்த அடுத்த நொடியில் சின்னப் பையன்கள் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே ஓடுவார்கள். ஓடுவது போலத் தெரியும், பலன் இருக்காது. ஆயிரத்தில் ஒருவன் பந்துக்கு முதுகு காட்டி, கோலின் எதிர்க்கம்பத்துக்கு முன்னால் இருக்கும் காலி இடத்துக்கு நேராக ஓடுவான். பந்து அங்கேதான் வந்து சேரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டிராக் ஃபிளிக் வராவிட்டாலும் பரவாயில்லை, ஏலத்தில் அவனுக்காக இன்னொரு முறை கை தூக்கலாம்.