சாக்கின் துவாரங்கள்

ஈழத்துச் சிறுகதைகளிலே ‘தலையாட்டி’ ஒரு நிலையான பாத்திரம். தலையிற் கவிழ்த்த சாக்கு, கண்ணுக்கு இரு துவாரங்கள், ஓர் அசைவு, பின்னர் ஒரு குடும்பம் சிதைகிறது. உரும்பிராயில் இருந்து வாசிப்போருக்கு இது கற்பனையன்று. 1987க்குப் பின் இந்தியப் படையும், 1996 முதல் இலங்கை இராணுவமும் நடத்திய சுற்றிவளைப்புகளிற் குடாநாடு அவனை நேரிற் கண்டது.

ஆயினும் இக்கதைகளில் ஒரு குறையை நாம் காண்கிறோம். எழுத்தாளரின் சினம் முழுவதும் சாக்கினுள் இருப்பவன் மீதே பாய்கிறது. அவனும் அடிபட்டவனாயிருக்கலாம், தன் உயிருக்காக யாரையேனும் காட்டியாக வேண்டியவன். சாக்கைக் கவிழ்த்த கையோ கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. நள்ளிரவிற் படலையைத் தள்ளிப் புகுந்து, பெட்டகத்தைக் கொட்டிக் கிளறும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1979இல் மூன்றாண்டுக்கெனக் கொண்டுவரப்பட்டு, 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், நீதவானின் ஆணையின்றியே வீடு புகுந்து தேட இடமளித்தது.

2006இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 92 வயது மூதாட்டி காத்ரின் ஜோன்ஸ்டனை அவரது வீட்டினுள்ளேயே பொலிசார் சுட்டுக் கொன்றனர். உளவாளி ஒருவன் அங்கே போதைப்பொருள் வாங்கினான் என்று நீதிபதியிடம் பொய்யுரைத்தே அவர்கள் ஆணை பெற்றிருந்தனர். அந்தப் பொய்த் தாளே பின்னர் அவர்களைச் சிறைக்கு அனுப்ப உதவிற்று. இங்கோ, பொய் எழுதுவதற்குக்கூட ஒரு தாள் வேண்டியிருக்கவில்லை.

‘தவறுதலாகப் புகுந்த வீடு’ என்று எழுதும் கதைஞர், சரியான வீடாயின் அவ்வாறு புகலாம் என்பதைத் தம்மையறியாமலே ஒப்புக்கொள்கிறார். மாணவரிடம் இக்கதைகளைக் கொடுக்கையில் நாம் முதலிற் கேட்பது அந்த ஒரு சொல்லைப் பற்றியே.