நிலைகொள்ளாதவருக்கு ஊசி

அல்சைமர் நோயாளியின் மறதிக்குக் குடும்பம் மெல்லப் பழகிக்கொள்கிறது. பழக முடியாதது கொந்தளிப்பு: ஓயாத நடை, கூச்சல், உடை மாற்ற வருபவரையே அடிப்பது. இதற்குத் தரும் மருந்துகளோ ஆபத்தில்லாதவை அல்ல. புதிய தலைமுறை மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியோரின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இந்தக் கொந்தளிப்புக்கென்றே அது முதன்முதலாக 2023இல் அனுமதித்த பிரெக்ஸ்பிப்ரசோல் என்ற மருந்துக்கும் அதே எச்சரிக்கை உண்டு. மருந்தில்லாத வழி ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கத்தில்தான் மின் அக்குபங்சர் கவனம் பெறுகிறது.

உச்சந்தலையிலுள்ள பாய்ஹுயி, மணிக்கட்டிலுள்ள ஷென்மென் போன்ற புள்ளிகளில் ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியே மெல்லிய மின்துடிப்பைச் செலுத்துவது இம்முறை. கையால் ஊசியைத் திருகுவதைவிட இதில் ஓர் ஒழுங்கு உண்டு: துடிப்பின் வேகம், மின்னளவு, நேரம் மூன்றையும் குறித்துவைக்கலாம், வேறொருவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்கலாம். வலியைத் தணிக்க உடலே சுரக்கும் பொருள்களில், 2 ஹெர்ட்ஸ் துடிப்பு என்கெபலினையும் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு டைனார்பினையும் நரம்பு மண்டலத்தில் தூண்டுவதாகப் பெய்ஜிங்கின் ஹான் ஜிஷெங் ஆய்வுகள் காட்டின. ஆனால் இவை வலியைப் பற்றிய ஆய்வுகள். அவற்றைக் கொண்டு மனக்கொந்தளிப்பும் தணியும் என்று சொல்வது பெரிய தாவல்.

அந்தத் தாவலுக்கு இடையில் ஒரு படி இருக்கலாம். நார்வே முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், படிப்படியான வலி சிகிச்சை எட்டு வாரத்தில் கொந்தளிப்பை ஏறத்தாழ 17 விழுக்காடு குறைத்தது. பெரும்பாலோருக்குத் தரப்பட்டது வெறும் பாரசிட்டமால். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கத்துகிறார், அடிக்கிறார். மின் ஊசி வேலை செய்வது வலியைத் தணித்துத்தான் என்றால், அது வெல்ல வேண்டியது ஆய்வில் ஒப்பிடத் தரும் போலி ஊசியை மட்டுமல்ல; மலிவான அந்த மாத்திரையையும்தான்.

அளவிடுவதிலும் சிக்கல் உண்டு. பரவலாகப் பயன்படும் கோகென்-மேன்ஸ்ஃபீல்ட் அளவுகோலின் 29 நடத்தைகளையும் நோயாளி சொல்வதில்லை, பராமரிப்பவர் சொல்கிறார். குணமாகும் என்ற எதிர்பார்ப்பால் வரும் பலன் அல்சைமர் நோயாளிகளிடம் குன்றுகிறது என 2006இல் இத்தாலியின் ஃபாப்ரிசியோ பெனடெட்டி குழு கண்டது. இது ஊசிக்குச் சாதகமான செய்திபோலத் தோன்றும். ஆனால் படிவத்தை நிரப்பும் மகளின் எதிர்பார்ப்பு அப்படியேதான் இருக்கிறது. எவருக்கு எந்த ஊசி என்று அறியாதவர் மதிப்பெண் இடாத ஆய்வை நம்ப முடியாது. சீனாவில் நடந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே வெற்றி என்றே முடிவதை 1998இலேயே ஒரு திறனாய்வு சுட்டிக்காட்டியது. தோல்வியே காணாத ஆய்வுத்துறை ஐயத்துக்குரியது.

நடைமுறைக் கேள்வி இன்னும் கடினமானது. ஊசியும் கம்பியுமாக அரைமணி நேரம் அசையாமல் படுக்கக்கூடியவர் ஓரளவு அமைதியானவர். சிகிச்சை மிகவும் தேவைப்படுபவர் ஊசியைப் பிடுங்கி எறிவார். இதய பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்துடிப்பு ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். ஒப்புதலை வீட்டார் தரலாம். ஆனால் நோயாளி கையை இழுத்துக்கொண்டால் அதையும் மறுப்பாக ஏற்க வேண்டும்.

எனவே முதலில் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தூக்கமின்மை ஆகியவற்றைத் தேடுவதே முறை. அதன்பின்னும் கொந்தளிப்பு தொடர்ந்து, நோயாளி ஊசிக்கு அஞ்சாதவராகவும் இருந்தால், தேர்ந்த கையில் சில வாரம் முயன்று பார்க்கலாம்; பலனில்லையேல் நிறுத்தலாம். மருந்தின் ஆபத்தைக் காட்டி ஊசியை விற்பது வாதமாகாது. ஒன்றின் குறை இன்னொன்றின் நிரூபணம் அல்ல.