நடுவரின் காது

மதுரைப் பக்கம் மேடை ஏறுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். சோழவந்தானோ மேலூரோ திருமங்கலமோ, திருவிழாப் பட்டிமன்றத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பல வருடம் கேட்டுப் பழுத்தவர். போன வருடம் சொன்ன ஜோக்கையே பேச்சாளர் மறுபடி எடுத்தால், அவருக்கு முன்னால் இவர் சொல்லி முடித்துவிடுவார். பேச்சு பிடிக்கவில்லையா, சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். ஆபீசில் ப்ரசன்டேஷன் கொடுப்பவருக்கு இந்தப் பயம் இல்லை. அங்கே யாரும் எழுந்து போக முடியாது. கூட்டம் கலையலாம் என்ற நிலையில்தான் பேச்சு கலையாகிறது.

பட்டிமண்டபம் பழைய சங்கதி. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் அது வருகிறது. இன்று நாம் பார்க்கும் வடிவம் கம்பன் விழாக்களில் உருவாகி வந்தது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்துக்கும் குன்றக்குடி அடிகளாருக்கும் அதில் பெரும் பங்குண்டு. அன்றைய தலைப்புகள் பெரும்பாலும் காப்பியப் பாத்திரங்களைச் சுற்றியே இருந்தன. அந்த மேடையை மாமியார், மருமகள், மாதச் சம்பளம், பிள்ளை படிப்பு என்று நடுவீட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் சாலமன் பாப்பையா. 1936இல் திருமங்கலம் பக்கத்துச் சாத்தங்குடியில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். திருக்குறளுக்கு உரை எழுதிய அதே மனிதர் மேடையில் பேசுவது மதுரைத் தெருப் பேச்சு. படித்ததையெல்லாம் வெளியே காட்டாமல் பேசுவதற்குப் படிப்பு இன்னும் அதிகம் வேண்டும்.

திருக்குறளின் அதிகார வரிசையில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. மேடைப் பேச்சுக்கு வழிகாட்டும் அதிகாரங்களில் அவையறிதல் 72ஆவது, அவையஞ்சாமை 73ஆவது. எதிரே இருப்பது யார் என்று அறிவது முதலில், பயம் தெளிவது பிறகு. மேடை நடுக்கத்துக்கு மருந்தாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகச் சொல்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது நம் முகம்தான். கூட்டத்தின் முகம் அதில் எங்கே தெரியப் போகிறது?

தேர்ந்த பேச்சாளர் ஊருக்குள் நுழையும்போதே தயாரிப்பைத் தொடங்கிவிடுகிறார். விழாக் கமிட்டிக்காரர் வாங்கித் தரும் காபியைக் குடித்துக்கொண்டே, இந்த வருடம் மழை உண்டா, கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவைப்பார். மேடையில் ஏறி, “கண்மாய் நிறைஞ்சிருக்கு, நீங்களும் நிறைஞ்சு உக்காந்திருக்கீக” என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் முழு வாக்கியம் ஒன்றுகூட இருக்காது: ஒரு குறள் எண், ஒரு சினிமாப் பாட்டின் முதல் சொல், “பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்” என்று ஒரு குறிப்பு. எழுதி மனப்பாடம் செய்து வருபவரை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அவர் கண் கூட்டத்தைப் பார்க்காது. மேலே பந்தலில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது சிரிப்பைக் கையாள்வது. புதியவர் ஒரு ஜோக் சொல்லி, கூட்டம் சிரிக்கும்போதே அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார். அந்த வாக்கியம் யார் காதிலும் விழாது. அனுபவசாலி நிறுத்துவார். மைக்கிலிருந்து முகத்தைச் சற்றே விலக்கி, ஒன்றும் நடக்காதது போல் நிற்பார். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கி, முழுதாக அடங்குவதற்கு ஒரு கணம் முன்பு அடுத்த சொல் விழும். அந்த ஒரு கணத்தைப் பாடமாகச் சொல்லித் தர முடியாது. மேடைகளில் நின்று அடிபட்டுத்தான் அது வரும்.

இவ்வளவும் பேச்சாளர் கலை. என் ரசனை போய் நிற்கும் இடம் நடுவர் நாற்காலி. அணிக்கு மூவர் பேசினால், ஒவ்வொருவர் பேச்சுக்குப் பிறகும் நடுவர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்தயாரிப்பே கிடையாது. இப்படி வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நிம்மதி தருவது சிக்கனமா, தாராளமா என்று தலைப்பு. சிக்கன அணிப் பெண், பருப்பு டப்பாவுக்குள் கணவனுக்குத் தெரியாமல் பணம் சேர்த்ததையும், மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அது கைகொடுத்ததையும் சொல்லி உட்காருகிறார். நடுவர் மைக்கை இழுக்கிறார்: “ஏம்மா, பருப்பு டப்பாவுக்குத் தெரிஞ்ச ரகசியம் புருசனுக்குத் தெரியல. இப்ப நீ மைக்குல சொல்லிட்ட. வீட்டுக்குப் போனதும் மொத வேலையா டப்பாவ மாத்திரு!” கூட்டம் சிரித்து ஓய்கிறது. அப்புறம் குரல் இறங்குகிறது: “சேத்தது சிக்கனம். சரி. மாமனாருன்னதும் மொத்தத்தையும் எடுத்துக் குடுத்தியே தாயி, அதுக்கு என்ன பேரு?” அவ்வளவுதான். சிக்கன அணியின் கதை எதிரணிக்குக் கேள்வியாகக் கை மாறிவிட்டது. அடுத்தவர் எழுந்து வருவதற்குள் கூட்டம் பதில் தேடத் தொடங்கியிருக்கும்.

நல்லி எலும்பை உறிஞ்சுகிறவனைப் போல, அடுத்தவர் பேச்சின் உள்ளே இருக்கும் சாரத்தை வெளியே இழுக்கத் தெரிய வேண்டும் நடுவருக்கு. பேசியவருக்கே தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

கல்லூரி அரங்கிலும் ஐ.டி. கம்பெனியிலும் நம் பிள்ளைகள் தடுமாறுவதும் இப்படி எதிரே இருப்பவரைக் கவனித்துப் பேசுவதில்தான். பவர்பாயின்ட் 1987இல் வந்தது. திரையில் ஓடும் வரிகளைக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அப்படியே வாசிக்கும் பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஸ்லைடு நேற்றே முடிந்துபோன பேச்சு. எதிரே ஒருவர் புருவம் சுருக்கினால் அது மாறாது. நேரம் போதவில்லை என்றும் சொல்ல முடியாது. உலகப் புகழ் பெற்ற டெட் மேடையில் ஒருவருக்கு 18 நிமிடம்தான். நம் பட்டிமன்றப் பேச்சாளருக்கும் ஏறக்குறைய அவ்வளவே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை போட்ட பிறகு, விடிய விடியப் பேசும் வசதியும் குறைந்தது. நேரம் சுருங்கியதில் கலைக்கு நட்டமில்லை, வளவளப்புத்தான் போனது.

நடுவரின் தீர்ப்பு வேறு கணக்கு. தோற்ற அணியின் ஆட்களும் அதே ஊரில்தான் நாளைக்கு முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே நல்ல நடுவர் இரண்டு பக்கத்துக் கதைகளையும் பெயர் சொல்லித் திரும்ப எடுத்து, கூட்டம் ஏற்கெனவே எங்கே சாய்ந்துவிட்டது என்று பார்த்து, அங்கே போய்ச் சேர்வார். கைதட்டல் எங்கே ஓங்கியது, எங்கே வெறும் மரியாதைக்குத் தட்டினார்கள் என்று இரண்டு மணி நேரமாக அவர் காது கணக்கு வைத்திருக்கும். தலைப்புக்கு ஏற்றாற்போல் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தவர் கூட்டத்தின் சாய்வைக் கவனித்திருக்க மாட்டார். அவர் தீர்ப்புக்கு விழுவது அந்த மரியாதைக் கைதட்டல்தான்.

வரும் பொங்கலுக்கு டி.வி.யில் பட்டிமன்றம் போடுவார்கள். பேசுகிறவரை விட்டுவிட்டு, கேமரா நடுவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவரைப் பாருங்கள். எந்த இடத்தில் பேனாவை எடுக்கிறார், எந்த ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்கிறார், எந்தச் சொல்லுக்கு நிமிர்ந்து உட்காருகிறார் என்று கவனியுங்கள். பேசக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அதைவிடச் செலவில்லாத வகுப்பு கிடைக்காது.