படைக்கலமும் வினைமுதலும்

சவ்வாது மலையின் கீழ்ச்சாரலில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள படவேடு, கல்வெட்டுகளில் 'படைவீடு' என வழங்கும் ஊராகும். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சம்புவராயரின் தலைநகராய் விளங்கிப் பின்னர் விசயநகர ஆட்சியில் ஓர் இராச்சியத்திற்கே பெயர் தந்தது இவ்வூர். இதன் பெயரில் முதற்கண் நிற்கும் 'படை' என்னுஞ் சொல் இருபொருட்டு. படைஞர் திரளையும் அது குறிக்கும். படைஞர் கையிலுள்ள கருவியையும் குறிக்கும். ஏந்துவோனையும் ஏந்தப்படுவதனையும் ஒரு சொல்லாற் சுட்டும் இவ்வழக்குத் தமிழில் மிகத் தொன்மையானது. வாளும் வேலும் கொண்டு பொருத காலத்தில் இதனால் மயக்கம் ஒன்றும் நேர்ந்திலது. வாள் தானே வீழ்ந்து ஒருவனைக் கொன்றது என்று எவரும் சொல்லத் துணியார். துப்பாக்கியின் நிலை வேறு. அது 'வெடித்தது' என்று சொல்லுதற்கு மொழி எளிதில் இடந்தருகின்றது. திரைப்படக் களத்தில் நடிப்பிற்கென ஏந்திய துப்பாக்கியால் ஓருயிர் போயவழி, அவ்வினைக்கு வினைமுதல் யாவர் என்னும் வினாவை, நம் இலக்கணமும் இலக்கியமும் தரும் கருவிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது வழக்கறிஞர்க்குரிய பொருளன்றோ எனச் சிலர் வினவக்கூடும். சொற்பொருளாராய்ச்சி அவர்க்கும் நமக்கும் பொதுவென்பதே எம் விடை.

செயப்படுபொருளை வினைமுதல்போல வைத்துக் கூறும் வழக்கினைத் தொல்காப்பியர் வினையியலில் உடம்படுகின்றார். திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். திண்ணை தன்னைத்தான் மெழுகிக் கொள்ளாது. மெழுகியவள் ஒருத்தி உண்டு. அவளைச் சொல்லவேண்டுவதில்லையாகலின் சொல்லாது விடுத்தனர். இவ்வழக்கிற்கு உயிர் அதுவே: வினைமுதலைச் சொல்ல வேண்டாத இடத்து இது பொருந்தும். மெழுகியவள் யார் என்பதே வழக்காயின், 'திண்ணை மெழுகிற்று' என்பது விடையாகாது. இனி, மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப்பொருளை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என நன்னூலுரையாளர் இருவகைப்படுத்துவர். கோயில் அரசனால் ஆயிற்று என்றலும் ஒக்கும். தச்சனால் ஆயிற்று என்றலும் ஒக்கும். ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. அதே வேற்றுமை கருவிப்பொருளும் தரும். 'துப்பாக்கியால் இறந்தார்' என்பதில் ஆலுருபு கருவியைச் சுட்டி அமைந்துவிடுகின்றது. இருவகைக் கருத்தாவும் வெளிப்படாமல் நிற்கின்றன.

இவ்விலக்கணம் வெறும் ஏட்டளவினதன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சியொன்று போதிய சான்று. அமெரிக்க நாட்டில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாந்தாபே நகரையடுத்த பொனான்சா கிரீக் பண்ணையில், 2021 அக்டோபர் 21ஆம் நாள், 'ரஸ்ட்' என்னும் படத்தின் ஒத்திகையின்போது, நடிகர் அலெக் பால்டுவின் கையிலிருந்த சுழல்துப்பாக்கியினின்று புறப்பட்ட உண்மைக் குண்டு ஒளிப்பதிவாளர் அலைனா அட்சின்சு என்பாரைக் கொன்றது. அவர் பின்னின்ற இயக்குநர் சோயல் சூசாவையும் புண்படுத்தியது. (மேலைத் தொடரில் யாமும் குண்டையே எழுவாயாக்கினோம் என்பதைக் கற்போர் நோக்குக. மொழி எத்துணை விரைவில் நம்மை அப்பக்கம் இழுத்துச் செல்கின்றது!) தாம் விசையை இழுக்கவேயில்லை என்று அந்நடிகர் அவ்வாண்டு திசம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியொன்றிற் கூறினார். கூட்டரசின் ஆய்வகமோ, விசையை இழுத்தாலன்றி அத்துப்பாக்கி வெடியாதென முடிபு கூறிற்று. அவ்வாய்வின்போதே துப்பாக்கியின் உறுப்புகள் உடைந்தமையைக் காட்டி எதிர்த்தரப்பார் அம்முடிபை மறுத்தனர். ஆக, 'வெடித்தது' என்னும் தன்வினைக்கும் 'வெடிப்பித்தார்' என்னும் பிறவினைக்கும் இடையே அவ்வழக்கு ஈராண்டுக்கு மேல் ஊசலாடியது.

அத்துப்பாக்கி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்ற வழியையே யாம் இன்னும் கூர்ந்து நோக்குகின்றோம். படைக்கலங்களைக் காக்கும் பொறுப்பு ஓர் இளம்பெண்ணிடம் இருந்தது. அவர்க்கு அப்பணியோடு பிற அரங்கப்பொருள்களைக் காக்கும் பணியும் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. உதவி இயக்குநர் துப்பாக்கியை நடிகரிடம் சேர்ப்பிக்கையில், அது 'குளிர்ந்தது' என்று உரக்க அறிவித்தார். உள்ளே வெடிக்கத்தக்கது யாதுமில்லை என்பது அத்தொழிலில் அக்குறியீட்டின் பொருள். உள்ளே இருந்ததோ உண்மைத் தோட்டா. சில நாள் முன்னரே அக்களத்தில் இருமுறை துப்பாக்கி எதிர்பாராது வெடித்திருந்தது. அன்று காலையில் ஒளிப்பதிவுக் குழுவினர் சிலர் பணிநிலைமையை வெறுத்து வெளியேறியுமிருந்தனர். படைக்கலக் காப்பாளர் 2024 மார்ச்சில் குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்றுப் பதினெட்டுத் திங்கள் சிறைத்தண்டம் பெற்றார். உதவி இயக்குநர்க்கு ஆறு திங்கள் நன்னடத்தைக் கண்காணிப்பு. நடிகர்மீதான வழக்கு 2024 சூலை 12ஆம் நாள், அரசுத்தரப்பினர் சான்றினை மறைத்தனர் என்னுங் காரணத்தால் தள்ளுபடியாயிற்று. அவர் குற்றமுடையரா அல்லரா என்பது ஆராயப்படாமலே நின்றுவிட்டது.

இவ்வழக்கில் இலக்கண மாணவர் ஊன்றி நோக்கற்பால ஒன்று உண்டு. அந்நடிகர் அப்படத்தின் தயாரிப்பாளருள்ளும் ஒருவர். ஏவுதற் கருத்தாவும் இயற்றுதற் கருத்தாவும் ஓரளவிற்கு ஒருவரிடமே அமைந்த அரிய நிலை இது. எனினும் விசாரணை தொடங்குமுன் நீதிபதி, அவர் தயாரிப்பாளராய் இருந்தமையைச் சான்றாகக் கொள்ளலாகாதென விலக்கினார். ஏவியவரை விடுத்து இயற்றியவரை மட்டுமே அம்மன்றம் நோக்கத் தலைப்பட்டது எனலாம். நடிகர் சங்கத்தார் இயற்றியவரையும் விடுவிக்க முயன்றனர்: படைக்கலத்தில் வல்லுநராதல் நடிகரின் தொழிலன்று என்பது அவர் கொள்கை. இக்கொள்கையில் உண்மை இல்லாமலில்லை. மத்தளம் இழுத்துக்கட்டும் முறையை ஆடுவோன் அறியவேண்டுவதில்லை. ஆயினும் தன் கையிலுள்ள குழலின் வாயை ஒருவர் நெஞ்சுக்கு நேரே பிடியாமை வல்லமையின் பாற்பட்டதன்று. படப்பெட்டியின் கோணத்தாலேயே குறி பிறழ்ந்ததை நேரியதாகக் காட்டவியலும். அறைகளைத் திறந்து காட்டுகவெனக் கேட்டலும் அத்தகையதே. இவ்விரண்டும் நடிகர்க்கே உரியன. பிறர் செய்தற்கு இயலாதன.

சொற்குறையும் இக்கேட்டிற்குத் துணையாகின்றது. தமிழ்ப்படங்களில் துப்பாக்கி புதிதன்று. 1972இல் வந்த 'கங்கா' முதலியன குதிரையும் துப்பாக்கியுமாகவே ஓடின. எனினும் நம் களங்களில் எல்லாவற்றிற்கும் 'டம்மி' என்னும் ஒரு சொல்லே எளிதில் வந்து விழுகின்றது. மரத்தாற் செய்ததும் டம்மி. உண்மைத் துப்பாக்கியை மாற்றியமைத்ததும் டம்மி. மருந்தில்லாத் தோட்டாவும் டம்மி. குண்டில்லாத் தோட்டாவும் டம்மி. பின்னிரண்டும் தம்முள் மாறுபட்டன. குண்டிருந்து மருந்தில்லாதது அண்மைக்காட்சிக்கு, கண்ணுக்கு மெய்யெனத் தோன்றுதற்கு வைப்பது. இதனைப் போலித் தோட்டா எனலாம். மருந்திருந்து குண்டில்லாதது ஒலியும் அனலும் எழுப்புதற்கு வைப்பது. இது வெற்றுத் தோட்டா. இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே துப்பாக்கியிற் புகுந்தமையே 1993 மார்ச் 31ஆம் நாள் நடிகர் பிராண்டன் லீயின் உயிரைக் குடித்தது. 'தி குரோ' என்னும் அப்படத்திற்கு உண்மைத் தோட்டாக்களினின்று மருந்தை நீக்கிப் போலித் தோட்டாக்கள் செய்தனர். அடியிலுள்ள பற்றுமருந்து ஒன்றில் எஞ்சிநின்றது. விசை தட்டியபோது அது பற்றிக் குண்டினைக் குழலின் நடுவரை மட்டும் தள்ளிற்று, எவரும் கண்டிலர். பின்னொருநாள் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவை இட்டுச் சுட்டனர். குழலில் தங்கியிருந்த குண்டை அதன் விசை வெளியே செலுத்தியது. போலித் தோட்டாவாற் குண்டு வந்தது. வெற்றுத் தோட்டாவால் விசை வந்தது. இரண்டுங் கூடி ஓர் உண்மைத் தோட்டாவாயின. வெற்றுத் தோட்டா தனித்து நின்றும் கொல்லும் என்பதற்கு 1984இல் சான் எரிக் எக்சம் என்னும் நடிகரின் முடிவு சான்று. விளையாட்டாகத் தன் கன்னப்பொறியில் வைத்துச் சுட்டுக்கொண்டார். 'வெற்று' என்னும் அடை அவ்விளையாட்டிற்குத் துணிவளித்திருத்தல் கூடும். கலைச்சொல்லாக்குவோர் அண்மையிற் கொல்லும் இயல்பு தோன்றுமாறு இதற்கு வேறொரு பெயர் ஆராய்வாராக.

தமிழகத்துத் திரைக்களங்களில் உயிர் குடித்தவை பெரிதும் துப்பாக்கிகளல்ல; வேறு கருவிகள். 1980 நவம்பர் 16ஆம் நாள் சோழவரத்தில் மலையாள நடிகர் செயன் உலங்கு வானூர்தியில் தொங்கி நடிக்கையில் இறந்தார். 2020 பிப்ரவரி 19ஆம் நாள் இரவு, பூந்தமல்லியையடுத்த ஈ.வி.பி. திரைநகரில், 'இந்தியன் 2' படப்பிடிப்பில் விளக்குகளைத் தாங்கிய பாரந்தூக்கி சாய்ந்து மூவர் மாண்டனர். 2025 சூலை 13ஆம் நாள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் கவிழ்ந்து சண்டைக்கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். 'பாரந்தூக்கி சாய்ந்தது', 'கார் கவிழ்ந்தது': திண்ணை மெழுகிற்று. சென்னை நிகழ்ச்சிக்குப்பின் நடிகர் கமலகாசனும் படநிறுவனமும் எழுதிக்கொண்ட மடல்கள் எம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவன. பாதுகாப்பில் நிறுவனத்தின் கடமையை நடிகர் எடுத்துரைத்தார். அப்பொறுப்பில் நடிகர்க்கும் இயக்குநர்க்கும் பங்குண்டென நிறுவனம் விடையிறுத்தது. ஏவுதற் கருத்தாக்கள் பலராயினார். இயற்றுதற் கருத்தாவாய் எஞ்சியது பொறி ஒன்றே. இத்தகைய இறப்புகட்கு அக்காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு ஈராண்டுவரை தண்டம் விதித்தது. 2024 சூலை முதல் அதனிடத்து வந்த பாரதிய நியாய சங்கிதையின் 106ஆம் பிரிவு பொதுவாக ஐந்தாண்டுவரை விதிக்கின்றது. தண்டத்தின் அளவு கூடிற்று; வினைமுதலைத் தேடும் இடர் அவ்வண்ணமே உளது.

இனிப் படவேட்டிற்கு மீள்வாம். அவ்வூர் இன்று பெரிதும் அறியப்படுவது இரேணுகாம்பாள் கோயிலால். சமதக்கினி முனிவர் ஏவ, மகன் பரசுராமன் மழுவால் தாயின் தலையைத் துணித்தான் என்னுங் கதையை ஆடித் திருநாளில் அங்குத் திரளும் மக்கள் அனைவரும் அறிவர். ஏவினார் ஒருவர், இயற்றினார் ஒருவர், கருவி ஒன்று என மூன்றும் இவ்வளவு தெளிவாக நிற்கும் கதை பிறிதில்லை. தந்தை சொற்கேட்டலே இதன் கருத்தென்பர் பலர். பாரதத்தின் வனபருவத்து வடிவம் அதனினும் நுண்ணியது. அங்கு மூத்த மக்கள் நால்வர் ஏவலை ஏலாது நின்று சாபம் பெற்றனர். இளையவன் இயற்றினான், தந்தை மகிழ்ந்து வரந்தர முன்வந்தபோது, தாய் உயிர்பெறுக என்பதனோடும், கொலையை அவள் நினையாதிருக்க என்பதனோடும், அப்பாவம் தன்னைச் சாராதிருக்க என்பதனையும் சேர்த்து வேண்டினான். ஏவல் இயற்றியவனை முற்றும் விடுவிக்குமாயின் இவ்வேண்டுகோள் மிகையாகும். தந்தையின் சொல்லே தனக்குக் கவசமென அவன் கருதிலன் என்பது இதனாற் போதரும். 'குளிர்ந்தது' என்று பிறர் சொன்னமையாற் பிடித்தேன் என்பார் இவ்வரத்தை நினைவுகூர்தல் தகும்.

மழுவை விடுத்துத் தொலைவிற் செல்லும் படைக்கு வந்தால், இம்மலைத்தொடரின் தென்புறத்தே செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் முன்னிற்கின்றது. கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் அதற்குண்டு. நடிப்புத் தொழிலோர்க்கு வழியின் ஏதங்களை வரிசையாகச் சொல்லிச் செல்லும் நூல் அது. இப்பகுதியை இயற்கை வருணனை என்று மட்டும் கொண்டு கடந்துபோவது அதன் சிறப்பைக் குறைப்பதாகும். பன்றிக்கு வைத்த பொறிகள் உள, ஆகலின் விடிந்தபின் செல்க என்கின்றார் பெருங்கௌசிகனார். புனங்காப்போர் பரண்மீதேறி யானையை ஓட்டக் கவண்கல் எறிவர். அக்கல் கூற்றுவனைப்போல் விசை தணியாது வரும். மரங்களின் பின் மறைந்து கடந்துசெல்க என்கின்றார். எறிவோர் கூத்தரைக் குறித்து எறியவில்லை, யானைக்கு எறிகின்றனர். குறியாதவன்மேற் படும் கல்லும் கொல்லும் என்பதை அறிந்து, எங்கு நிற்பது, எதன்பின் மறைவது, எப்பொழுது செல்வது என்பனவற்றை வழிநடந்து அறிந்தவனே முன்னர்ச் சொல்லுகின்றான். அவன் தான் கண்டதைச் சொல்லுகின்றான். 'ரஸ்ட்' களத்து உதவி இயக்குநர் தான் திறந்து காணாததைச் சொன்னார். எம் கருத்தில், அவர் பெற்ற ஆறு திங்கட் கண்காணிப்பு அச்சொல்லின் எடைக்கு மிகக் குறைந்தது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாக ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை வகுத்து, அரங்கின் அளவையும் கோலிட்டுரைத்து, தூணின் நிழல் புறத்தே விழுமாறு விளக்கு வைத்தலையுங் கூறுகின்றது. நிழலுக்கே இத்துணைக் கவலை கொண்ட அக்காதையிற் படைக்கலங் காப்போன் இல்லை. அவ்வரங்கிற்கு அவன் வேண்டப்பட்டிலன். வேண்டப்பட்ட அரங்கில் அவன் வேறு வடிவிலேனும் தோன்றுகின்றான். தஞ்சை மாவட்டத்து மெலட்டூர்ப் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் ஆடும் இரவில், நரசிங்க முகமூடி பூண்டவர் மெய்ம்மறந்து இரணியன்மேற் பாயாவண்ணம் அவரைச் சிலர் இறுகப் பற்றி நிற்பது மரபு. முகமூடி பூண்டவர் தம்மைத் தாம் காத்துக்கொள்வர் என அவ்வூரார் விட்டுவிடவில்லை. பற்றுவோர் உளராகலின் அவர் தம் விருப்பிற்குப் பாயலாமெனவும் கொள்ளவில்லை. பற்றி நிற்கும் அவர்கட்கு அந்நாடகத்திற் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.