லினக்ஸில் தானியங்கு வேலைகள்: நான்கு சின்னக் கருவிகள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அன்றாட வேலைகளைத் தானாக நடக்கவைக்கப் பெரிய மென்பொருள் தேவையில்லை. விசைகளைத் தட்ட எக்ஸ்டூடூல், விண்டோக்களை அடுக்க டபிள்யூஎம்கன்ட்ரோல், வேலாண்ட் திரை அமைப்பில் தட்ட ஒய்டூடூல், கோப்பு மாறியதும் வேலையைத் தொடங்க என்டர் ஆகிய நான்கே பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். நான்கும் திறந்த மூலக் கருவிகள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் களஞ்சியங்களில் இருப்பதால் ஒரு வரிக் கட்டளையில் நிறுவிவிடலாம். ஆனால் அவை கணினியின் ஒரே அடுக்கில் வேலை செய்வதில்லை. எது எந்த அடுக்கில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அது எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது பிடிபடும்.

எக்ஸ்டூடூல்

ஜோர்டன் சிஸ்ஸல் எழுதிய இந்தக் கருவி எக்ஸ்11 திரை அமைப்பின் மேல் ஓடுகிறது. மென்பொருள் சோதனைக்கென்று எக்ஸ்11-இல் சேர்க்கப்பட்ட எக்ஸ்டெஸ்ட் நீட்சியைப் பயன்படுத்தி, கீபோர்டிலும் மவுஸிலும் யாரோ கைவைத்ததுபோல் நிகழ்வுகளை உண்டாக்குகிறது. ‘கீ’ துணைக்கட்டளை விசையைத் தட்டும். ‘டைப்’ முழு வாக்கியத்தை அடிக்கும். ‘மவுஸ்மூவ்’ சுட்டியை நகர்த்தும். ‘சர்ச்’ தலைப்பை வைத்து விண்டோவைத் தேடிக் கொடுக்கும். இவற்றை ஒரே வரியில் கோத்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. விண்டோவைத் தேடு, முன்னால் கொண்டுவா, கன்ட்ரோல்-எஸ் தட்டு என்ற மூன்று வேலைகளும் ஒரே கட்டளையில் அடங்கிவிடும்.

இரண்டு விருப்பங்களைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்கிரிப்ட் எழுதினால் அது ஒருநேரம் ஓடும், ஒருநேரம் ஓடாது. முதலாவது ‘சிங்க்’. இது இல்லாவிட்டால் விண்டோ முன்னால் வருவதற்குள் அடுத்த கட்டளை கிளம்பிவிடும். கன்ட்ரோல்-எஸ் வேறொரு விண்டோவில் போய் விழும். இரண்டாவது ‘கிளியர்மாடிஃபையர்ஸ்’. ஸ்கிரிப்டைக் கன்ட்ரோல்-ஆல்ட் சேர்ந்த குறுக்குவிசை ஒன்றால் இயக்கும்போது விரல்கள் அந்த விசைகளின் மேலேயே இருக்கும். ஸ்கிரிப்ட் அடிக்கும் எழுத்துகளோடு அவையும் கலந்துவிடும். இந்த விருப்பம் அவற்றைத் தற்காலிகமாக விடுவித்து, வேலை முடிந்ததும் பழையபடி வைக்கிறது.

குறிப்பிட்ட விண்டோவின் எண்ணைக் கொடுத்து அதற்கு மட்டும் விசைகளை அனுப்பவும் வழி உண்டு. ஆனால் அப்படி வரும் நிகழ்வுகளில் ‘அனுப்பப்பட்டவை’ என்ற குறி இருக்கும். எக்ஸ்டெர்ம் போன்ற நிரல்கள் பாதுகாப்புக் கருதி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோவை முன்னால் கொண்டுவந்து தட்டுவதே நம்பகமானது.

தமிழில் ‘டைப்’ வேலை செய்கிறது, ஆனால் தடுமாறுகிறது. கீபோர்டு அமைப்பில் இல்லாத எழுத்து வந்தால் எக்ஸ்டூடூல் காலியான ஒரு விசையை அந்த எழுத்துக்கு மாற்றி, தட்டி, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இயல்பாக ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மில்லிநொடிதான் இடைவெளி. அந்த வேகத்தில் விசை மாற்றத்தை நிரல் கவனிக்கத் தவறினால் எழுத்து மாறியோ விட்டுப்போயோ விழும். ‘டிலே’ மதிப்பைக் கூட்டினால் பிழை குறையும். எக்ஸ்கிளிப் கருவியால் உரையை நகலெடுத்து வைத்து, கன்ட்ரோல்-வி மட்டும் தட்டச் செய்வது இன்னும் பாதுகாப்பு.

டபிள்யூஎம்கன்ட்ரோல்

இது விசைகளைத் தொடுவதே இல்லை. விண்டோ மேலாளரிடம் நேரடியாகப் பேசுகிறது. திறந்திருக்கும் விண்டோக்களைப் பட்டியலிடும். தலைப்பின் ஒரு பகுதியைக் கொடுத்தாலே உரிய விண்டோவை முன்னால் கொண்டுவரும். இடத்தையும் அளவையும் மாற்றும். 1920-க்கு 1080 திரையின் இடது பாதியில் எடிட்டரையும் வலது பாதியில் பிரவுசரையும் நிறுத்த இரண்டே வரிகள் போதும். விண்டோ ஏற்கெனவே திரை முழுக்க விரிந்திருந்தால் மட்டும் அளவு மாற்றம் எடுபடாது. அந்த நிலையை முதலில் நீக்கச் சொல்லிவிட்டு, பிறகு அளவைக் கொடுக்க வேண்டும்.

கடைசிப் பதிப்பான 1.07 வெளிவந்தது 2005-இல். அதன் பிறகு புதுப்பிப்பு இல்லை என்பது குறையாகத் தோன்றலாம். விண்டோ மேலாளர்கள் பின்பற்றும் பொது நெறிமுறை மாறாததால் எக்ஸ்11-இல் அது இன்றும் பிசகில்லாமல் ஓடுகிறது.

வேலாண்டும் ஒய்டூடூலும்

எக்ஸ்11-இல் எந்த நிரலும் இன்னொரு நிரலின் விசைகளைக் கேட்கலாம், அதற்கு விசைகளை அனுப்பலாம். மேலே சொன்ன இரண்டு கருவிகளுக்கும் வசதி தந்த இந்தத் தாராளம், கடவுச்சொல் திருடும் நிரலுக்கும் வசதிதான். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலாண்ட் இந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஃபெடோரா 2016 முதலும் உபுண்டு 21.04 பதிப்பு முதலும் வேலாண்டையே இயல்பாகத் தருகின்றன. அங்கே எக்ஸ்டூடூலும் டபிள்யூஎம்கன்ட்ரோலும் எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடும் பழைய நிரல்களை மட்டுமே காணும். மற்ற விண்டோக்கள் அவற்றின் கண்ணுக்கே படாது.

ஒய்டூடூல் இந்தத் தடையை அடியிலிருந்து சுற்றிப் போகிறது. கெர்னலின் யூஇன்புட் வசதி மூலம் புதிய கீபோர்டு ஒன்று செருகப்பட்டதுபோல் காட்டிக்கொள்கிறது. அதனால் வேலாண்ட், எக்ஸ்11, வெறும் கன்சோல் எதுவானாலும் வேலை செய்யும். பின்னணியில் அதன் டீமன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யூஇன்புட்டைத் தொட அதற்கு அனுமதியும் வேண்டும். அந்த அனுமதி ஒரு பயனர் கணக்குக்குத் தரப்பட்டால், அக்கணக்கில் ஓடும் எந்த நிரலும் கீபோர்டாக நடிக்கலாம். பலர் பயன்படுத்தும் கணினியில் இதை நிறுவுவதற்கு முன் யோசிப்பது நல்லது.

1.0 பதிப்பிலிருந்து விசைகளைப் பெயரால் அல்ல, எண்ணால் குறிக்க வேண்டும். என்டர் விசைக்கு 28:1 28:0. அதாவது 28-ஆம் விசையை அழுத்து, விடு. கன்ட்ரோல்-வி என்பது 29:1 47:1 47:0 29:0. பழைய பதிப்புக்கு எழுதிய ஸ்கிரிப்டுகளை அப்படியே ஓட்ட முடியாது. எந்த விண்டோ எங்கே இருக்கிறது என்பதும் ஒய்டூடூலுக்குத் தெரியாது. தமிழ் எழுத்துகளை அதன் ‘டைப்’ கட்டளையால் அடிக்க முடியாது. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலம் அனுப்பினாலும் தமிழ் எழுத்துகளே திரையில் விழும். இங்கும் நகலெடுத்து ஒட்டுவதே வழி. எக்ஸ்கிளிப்பின் இடத்தில் டபிள்யூஎல்-காப்பி வேண்டும்.

என்டர்

எரிக் ராட்மன் எழுதிய இந்தக் கருவிக்கு, பெயர் ஒத்திருந்தாலும், என்டர் விசையோடு தொடர்பில்லை. இதற்குத் திரையே தேவையில்லை; தொலைவிலுள்ள சர்வரிலும் ஓடும். கோப்புகளின் பட்டியலை பைப் வழியாகக் கொடுத்து, எதில் மாற்றம் வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொரு நொடியும் கோப்புகளை எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, கெர்னலின் ஐநோட்டிஃபை தகவலுக்காகக் காத்திருக்கிறது. அதனால் சும்மா இருக்கும்போது பிராசஸருக்குச் சுமை இல்லை. கட்டுரையைச் சேமித்த மறுகணம் பிடிஎஃப் தயாராக வேண்டுமா, நிரலைத் திருத்தியதும் சர்வர் மறுபடி தொடங்க வேண்டுமா, ஒரே வரியில் முடியும்.

பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் புதியதை வைக்கும். எளிய கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் அந்த இடத்தில் கோட்டை விடும், என்டர் விடுவதில்லை. கோப்புறையில் புதிதாக வரும் கோப்பை மட்டும் அது தானாகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளாது. ‘டி’ விருப்பத்தோடு இயக்கினால், புதுக் கோப்பு வந்ததும் நின்றுவிடும். அதை ஒரு லூப்பில் வைத்தால் புதிய பட்டியலோடு மீண்டும் தொடங்கும்.

நேரம் பார்த்து ஓட்டுவது

குறித்த நேரத்தில் இவற்றை இயக்க கிரான் போதும். எக்ஸ்டூடூலை மட்டும் அதில் அப்படியே போட்டால் ஓடாது. கிரான் தரும் சூழலில் திரையைக் குறிக்கும் ‘டிஸ்ப்ளே’ மாறி இருக்காது. அதையும், தேவைப்பட்டால் ‘எக்ஸ்அத்தாரிட்டி’ மாறியையும் ஸ்கிரிப்டிலேயே எழுத வேண்டும். குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த முறையை விட்டுவிடும். ‘பெர்சிஸ்டன்ட்’ அமைப்புடன் கூடிய சிஸ்டம்டி டைமர், கணினி மீண்டும் இயங்கியதும் விட்ட வேலையைச் செய்யும்.

எதை எப்போது

நான்கில் அதிகம் நம்பத்தக்கது என்டர். திரையில் என்ன நடக்கிறது என்பதை அது சார்ந்திருப்பதில்லை. எக்ஸ்11-இல் விண்டோக்களை ஒழுங்குபடுத்த டபிள்யூஎம்கன்ட்ரோலை விட எளிய கருவிகள் குறைவு. எக்ஸ்டூடூல் எக்ஸ்11 பயனர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கது. ஒய்டூடூல் வேலாண்டில் வேறு வழி இல்லாதபோது மட்டும். எந்தக் கருவியாயினும் விசை தட்டும் ஸ்கிரிப்டைக் கடைசி வழியாக வைத்துக்கொள்வதே முறை. லிப்ரெஆஃபிஸ் கோப்பைப் பிடிஎஃப் ஆக்க மெனுவைத் திறந்து கிளிக் செய்யும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டியதில்லை. திரை திறக்காமலே மாற்றித் தரும் ‘ஹெட்லெஸ்’ விருப்பம் அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. நிரலுக்கே கட்டளைவரி வசதி உண்டா என்று முதலில் பார்த்து, இல்லாதபோது மட்டும் விசை தட்டும் கருவிக்குப் போகலாம்.