கேள்வியைப் பார், வரியைப் பிடி

கோடிலன் சுரட்டையை மெண்டினான். கோடிலன் எதை மெண்டினான்? சுரட்டையை. முழு மதிப்பெண்! இந்த வாக்கியத்தில் பொருளுள்ள சொல் ஒன்றுகூடக் கிடையாது, நான் இட்டுக்கட்டியது. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் கடைசியில் வரும் பாசேஜ் கேள்விக்கு நம் பள்ளிகளில் தரும் பயிற்சி பெரும்பாலும் இதுதான். கேள்வியில் உள்ள சொல்லைப் பாசேஜில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எழுது.

இதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ், சிப்காட் சாலையில் இந்தி என்று வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் கரும்பலகையில் மட்டுமே இருக்கிறது. தேர்ச்சிக்கு 35, பாசேஜுக்கு 8. வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கக்கூடிய பிள்ளையை இந்த உத்தி பேனாவை எடுக்க வைக்கிறது. தேடிப் பிடிப்பதும் ஒரு வாசிப்புதான்; ரயில் கால அட்டவணையை நாம் அப்படித்தானே பார்க்கிறோம்?

கோளாறு சின்னச் சொற்களில் இருக்கிறது. இதே பிள்ளை மூன்று நான்கு வருடத்தில் ஏதோ ஓர் உருக்காலையில் இயந்திரத்தின் முன்னால் நிற்கலாம். அதில் ஆங்கில எச்சரிக்கை ஒட்டியிருக்கும்: ‘டோன்ட் ஓப்பன் அன்லெஸ் த பவர் இஸ் ஆஃப்.’ வரி பிடித்துப் பழகிய கண் ‘ஓப்பன்’, ‘பவர்’ இரண்டையும் பிடித்துக்கொள்ளும். ‘அன்லெஸ்’ அதற்கு வெறும் இடைவெளி. ‘ஆல்தோ’, ‘டில்’, ‘ஹார்ட்லி’ எல்லாம் அப்படியே. தேர்வில் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி வந்தால், பாசேஜில் ‘பிகாஸ்’ எங்கே என்று அந்தப் பிள்ளை தேடும். அது இல்லாவிட்டால் பதிலும் இல்லை.

இது ஆங்கிலத்தின் குறை மட்டும்தானா? 15 வயதினருக்கான பீசா என்ற பன்னாட்டுத் தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடு கலந்துகொண்டது. வாசிப்பில் நாம் பெற்ற சராசரி 337. அதை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 493. படித்ததை வைத்து யோசிக்கும் பழக்கமே மெலிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மருந்து அதே வினாத்தாளில் இருக்கிறது. சாலைப் படத்தைப் பார்த்து வழி சொல்லும் கேள்வியில் காப்பியடிக்க வரியே கிடையாது. புரிந்தால்தான் எழுத முடியும். ஆனால் அதற்கு 2 மதிப்பெண்தான்.

எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில், தெலுங்கு வீட்டுப் பிள்ளையென்றால் தெலுங்கில், சொல்லவிட்டுப் பார்க்கலாம். புரிந்ததா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பது வீண் வறட்டுப் பிடிவாதம். வரி பிடிக்கும் வித்தையைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அவ்வளவு நாள் போதும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாசேஜுக்கான அந்த எட்டு மதிப்பெண்ணில் மூன்றையாவது, பாசேஜில் நேராகப் பதில் கிடைக்காத கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.